ஓல்டு கார்டு 2: குவினை இப்படியா வீணடிப்பது?

கடைமடைக்காரன்:
சாகாவரம் பெற்ற போர்வீரர் கூட்டத்தின் கதையான இந்தப் படம், குறுவை நடவு மும்முரமாக நடந்த 2025 ஜூலையில்தான் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. மன்னார்குடியிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான், இருவரும் ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். மனசே ஆறவில்லை.

2020இல் வந்த முதல் பாகத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? இரும்புப் பெட்டியில் அடைத்துக் கடலில் தள்ளப்பட்டு, ஐந்நூறு வருஷம் மூச்சுமுட்டிச் செத்துச் செத்துப் பிழைத்தவள் குவின். அவள் பாரிஸில், அதே கூட்டத்து ஆளான புக்கரின் வீட்டுக்குள் நின்று நிதானமாகத் தண்ணீர் குடிப்பாள். தண்ணீர்! அந்த ஒரு டம்ளருக்குத்தான் ஐந்து வருஷம் காத்திருந்தேன். வந்ததோ ரோம் நகரச் சந்தில் ஒரு சண்டை, நாலு வசனம். அதற்கப்புறம் உமா தர்மன் நடித்த வில்லி டிஸ்கார்டுக்குப் பின்னால் நிற்கிற ஆளாகிவிட்டாள். படத்துக்கு மூலமான காமிக்ஸிலும் இப்படித்தானா? வாங்கிப் படிக்கலாமா?

மகாமகக் குளக்கரை:
தாராளமாகப் படிங்க தம்பி. கிரெக் ரக்கா எழுத்து, லியாண்ட்ரோ ஃபெர்னாண்டஸ் ஓவியம். அதில் அவள் பெயர் நொரிகோ, ஜப்பான்காரி. நடித்தவர் வியட்நாம்காரர் என்பதால் படத்தில் குவின் ஆனாள். இரண்டாம் தொகுதியில் அவள்தான் எதிரி. ரக்காவே திரைக்கதையிலும் இருந்தும் இப்படி ஆனதுதான் எனக்கு வருத்தம்.

ஓடம்போக்கி:
ரோமில் கூட்டத்தின் தலைவி ஆண்டி நடக்க நடக்கச் சந்தின் காலம் மாறுமே, அது அருமை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு ஆகாதது வேறு. முதல் பாகத்தில் ஆண்டியின் காயம் ஒருநாள் ஆறாமல் போகும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பயம். இப்போது, கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த நைல் அன்று குத்தியதால் என்கிறார்கள். போதாததற்குச் சாகாவரத்தை அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியுமாம். புக்கர் கொடுத்துவிட்டுச் சாகிறார், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இனி யார் செத்தால் என்ன, வரம் கைமாறிவிடும்.

மகாமகக் குளக்கரை:
சரியாகச் சொன்னீங்கம்மா. முடிவும் அப்படித்தான், அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து ‘தொடரும்’ பார்த்தவன் நான். ஒரு இதழுக்குள் ஒரு வழக்காவது தீரும்.

கடைமடைக்காரன்:
நன்றி அண்ணா. நொரிகோவுக்காக நேராக இரண்டாம் தொகுதிக்குப் போகலாமா?

மகாமகக் குளக்கரை:
வேண்டாம், முதலிலிருந்தே படிங்க. அந்த இரண்டு தொகுதிக்கும் தலா ஐந்து இதழ்தான்.