உபுண்டுல மொத தடவ சாஃப்ட்வேர் போட்ட கதைய சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், விண்டோஸ தூக்கிட்டு உபுண்டு 22.04ங்கிற லினக்ஸ் சிஸ்டத்த போட்டேன். பழக்கம் விடுமா, வீடியோ பாக்க விஎல்சி வேணும்னு கூகுள்ல தேடி விண்டோஸுக்கான இஎக்ஸ்இ ஃபைல எறக்கி டபுள் கிளிக் பண்ணிட்டே உக்காந்திருக்கேன், ஒண்ணும் நடக்கல. ஃப்ரெண்டு போன்ல, டேய் கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சின்னு அடிடான்னான். அடிச்சா பாஸ்வேர்டு கேக்குது, நான் தட்டுறேன் தட்டுறேன் ஒரு புள்ளி கூட வரல. கீபோர்டு போச்சுன்னு ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணேன், சிரிக்காதீங்க. அது அப்படித்தான் காட்டாதாம், பாக்காமலே அடிச்சு என்டர் தட்டணுமாம்.

–––

ப்ரோ அதே கேஸ் 😂 எனக்கு கூடுதலா லாக் பிரச்சன. புதுசா போட்ட சிஸ்டம், ஏதோ போடப் போனா டிபிகேஜி லாக் (ஒரே நேரத்துல ரெண்டு எடத்துலேர்ந்து சாஃப்ட்வேர் போடாம தடுக்குற பூட்டு) கெடைக்கலன்னு எரர். நெட்ல எவனோ அந்த லாக் ஃபைல அழிச்சிடுன்னு எழுதியிருந்தான், அழிச்சேன். உள்ள தானா அப்டேட் ஓடிட்டு இருந்திருக்கு, அது பாதி நான் பாதின்னு எல்லாம் அரைகுறையா நின்னுடுச்சு. அப்புறம் சூடோ டிபிகேஜி, ஒரு ஸ்பேஸ், ரெண்டு கோடு கான்ஃபிகர், ஸ்பேஸ், ஒரு கோடு ஏ... பாதில நின்னத முடிச்சு வைக்கிற இந்த கமாண்ட அடிச்சதும்தான் மூச்சே வந்துச்சு. ஒரு டீ குடிச்சிட்டு வந்திருந்தா அதுவே முடிஞ்சிருக்கும்.

–––

நீங்கல்லாம் பரவால்ல. நான் ப்ரோக்ராம் எழுதுற பைத்தான் பழைய வெர்ஷனா இருக்கேன்னு ஆப்ட் ரிமூவ் பைத்தான்3 குடுத்தவன். என்னென்ன போகப்போகுதுன்னு அது நீளமா லிஸ்ட் போட்டுச்சு, நடுவுல உபுண்டு-டெஸ்க்டாப்னு கூட இருந்துச்சு, எவன் படிச்சான், ஒய் தட்டினேன். ரீஸ்டார்ட் பண்ணா கருப்புத் திரை, லாகின்னு மட்டும் ஒரு வரி, மறுநாள் காலைல காலேஜ் ப்ராஜெக்ட் ரிவ்யூ வேற. சிஸ்டத்துல பாதி டூல் அந்த பைத்தான வச்சுத்தான் ஓடுதுன்னு அப்பத்தான் தெரியும். கடைசில பென்டிரைவ்ல லைவ்வா பூட் பண்ணி ஃபைல மட்டும் காப்பி எடுத்துட்டு முழுசா மறுபடி போட்டேன், மணி விடியக்கால 4. இப்ப புது வெர்ஷன் வேணும்னா அத தனியா போட்டு, அதுல வென்வ் (ஒரு ப்ராஜெக்டுக்குன்னு தனி பைத்தான் எடம்) உருவாக்கிக்கிறேன், சிஸ்டம் பைத்தான தொடுறதே இல்ல.

–––

தம்பி, ஒய் தட்டுறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட படிக்கணும்பா 🙂 என் கதை சின்னது. தமிழ்99 கீபோர்டு முறைல டைப் பண்ண, அதுக்கான ஐபஸ்-எம்17என்ங்கிற பேக்கேஜ போட்டேன். மொதல்ல அப்படி ஒரு பேக்கேஜே இல்லன்னுச்சு, சூடோ ஆப்ட் அப்டேட் குடுத்து பேக்கேஜ் லிஸ்ட புதுப்பிச்சதும் கெடச்சுது. ஆனா செட்டிங்ஸ்ல கீபோர்டு பக்கம் போனா தமிழ்99 காணோம். அழிச்சு, போட்டு, அழிச்சு, போட்டு, மூணு தடவ. அன்னிக்கு கரன்ட் போய் திரும்பி வந்து லாகின் பண்ணா இன்புட் சோர்ஸ்ல சமத்தா உக்காந்திருக்கு. லாக் அவுட் பண்ணியிருந்தாலே போதுமாம். இத அதுலதான் அடிக்கிறேன்.