முடிவாகும் முன்பே முகம் பார்த்துச் சொன்னவர்கள்

கொழிஞ்சாம்பாறை, ஓடுகிற பிள்ளையின் அப்பா:

பாலக்காடு மாவட்டத்தில் ஒரு பிள்ளை ஓடுகிறது என்றால் பறளி, முண்டூர், கல்லடி என்று மூன்று பள்ளிகளின் பேர் வராமல் பேச்சு நகராது. என் மகள் அந்த மாதிரிப் பேர்பெற்ற இடத்தில் படிக்கவில்லை. எல்லைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளி. செம்மண் மைதானம், மழை பெய்தால் வளைவில் தண்ணீர் நிற்கும். ஆனால் அங்கே இருக்கிற பி.டி. மாஷ் (விளையாட்டு வாத்தியார்) மாதிரி ஒருவர் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மகள் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். சப்ஜில்லா (உபமாவட்ட) போட்டியில் ஜெயிப்பாள், ஜில்லாவில் நான்காவது, ஐந்தாவது. பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம் மாஷ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். என்னிடம் அப்புறம்தான். அந்த வரிசையே எனக்குப் பிடித்தது. ஓடுவது அவள்தானே.

"நானூறுல இதுக்கு மேல நீ போறது கஷ்டம் கண்ணு. முதல் 200-ல வேகம் பத்தல. ஆனா கடைசி நூறுல மத்தவங்க தளரும்போது நீ தளர்றதில்ல. அது 1500 ஓடுறவங்களுக்கு வேண்டிய உடம்பு. மாறினா இந்த வருஷம் மெடல் வராது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஸ்போர்ட்ஸ்ல ஜெயிச்சா சேர்த்துப் போடுற கிரேஸ் மார்க்கும் வராது. அதையும் சேர்த்து யோசி."

"மாறாம இருந்தா மாஷ்?"

"ஜில்லா ஃபைனல் வரைக்கும் ஓடலாம். ப்ளஸ் டூவோட நின்னுடும்."

வீட்டில் ஒரே அழுகை. "பத்தாவது படிக்கிற பிள்ளைகிட்ட இப்படியா பேசுவாங்க" என்று என் மனைவிக்குக் கோபம். நான் மைதானத்துக்குப் போனேன். மாஷ் அதிகம் பேசவில்லை, நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் 200 இவ்வளவு, அடுத்த 200 இவ்வளவு என்று தேதியோடு எழுதி வைத்திருந்தார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு இன்றும் முக்கியம்: "எண்ட்ரி கொடுக்க இன்னும் நாள் இருக்குங்க. நானூறுதான்னு பாப்பா சொன்னா, அதுக்கே முழு மனசோட ட்ரெய்னிங் தர்றேன். எம்பேச்சைக் கேக்கலைன்னு குறைக்க மாட்டேன்."

அவள் மாறினாள். அந்த வருஷம் மெடலும் இல்லை, கிரேஸ் மார்க்கும் இல்லை. இப்போது ப்ளஸ் ஒன். நேரம் குறைந்துகொண்டே வருகிறது, ஸ்டேட் மீட்டுக்கு இன்னும் போகவில்லை. போனாலும் போகாவிட்டாலும் அந்த மாஷ் மேல் எனக்கு இருக்கிற மரியாதை மாறாது.

1500 என்றதும் இங்கே எல்லாருக்கும் முண்டூர் பி.யு. சித்ரா ஞாபகம் வரும். கூலி வேலை செய்கிற குடும்பத்துப் பெண். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். அடுத்த மாதம் லண்டனில் உலகப் போட்டி. இந்திய அணிப் பட்டியலில் அவர் பேர் இல்லை. அவருடைய நேரம் போதாது என்று காரணம் சொன்னார்கள். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அவரைச் சேர்க்கச் சொல்லி நீதிமன்றமும் சொன்னது. அதற்குள் பேர் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது, சர்வதேசத் தடகள சம்மேளனம் ஏற்கவில்லை. 2019-ல் தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில் மறுபடி தங்கம் வாங்கினார் என்பது வேறு விஷயம். காரணம் சரியா தப்பா என்று சண்டை போடக்கூட நேரம் மிச்சம் இல்லாத மாதிரி ஒரு முடிவு வந்தால், ஓடுகிறவர் என்னதான் செய்வார்? எங்கள் மாஷ் ஜூன் மாதமே பேசியதன் அருமை எனக்கு அங்கேதான் புரிகிறது.

கஞ்சிக்கோடு, ஷிப்ட் சூப்பர்வைசர்:

"மெடல் வராது" என்று அந்த மாஷ் சேர்த்துச் சொன்னாரே, அதைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும். லாபத்தை மட்டும் சொல்லி ஆளை இடம் மாற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் இருப்பது ஒரு இரும்பு உருக்கும் யூனிட்டில். மேலே கிரேன் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், வாளையார்க்காரர், என்னைவிட ரொம்ப மூத்தவர். கண் பரிசோதனை ரிப்போர்ட்டில் அவருக்குத் தகுதியில்லை என்று வந்தது. கடிதம் டைப் ஆகட்டும், புது ரோஸ்டரை போர்டில் ஒட்டிவிடலாம் என்று ஆபீஸில் பேச்சு. ஒட்டுவதற்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கேன்டீனுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, ரிப்போர்ட் வந்துடுச்சு. கிரேன்ல இனி உங்களை ஏத்த முடியாது. ஸ்டோருக்கு மாத்துறாங்க."

"சர்க்கரையாலதான் தம்பி. சரியாயிடும்னு டாக்டர் சொல்றார்."

"சரியானா திரும்ப டெஸ்ட் எடுக்கலாம். ஆகும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேண்ணே. கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் பேசவில்லை. அப்புறம் "சம்பளம்?" என்றார்.

"அடிப்படைச் சம்பளம் குறையாது. ஸ்டோர்ல ஓவர்டைம் கிடையாது. அது போயிடும்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸுக்கும் எனக்கும்தான்."

"அப்ப பசங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்."

சாயந்திர டீயில் அவரே சொன்னார். கண் சரியில்லை, கீழே இறங்குகிறேன், அடுத்த கிரேன் ஆளுக்கு நானே பழக்கிக் கொடுக்கிறேன் என்று. போர்டில் ஒட்டியிருந்தால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. எடுத்த முடிவு ஒன்றும் மாறவில்லை, ஆனால் அதைத் தானே போய்ச் சொல்ல அவருக்கு ஒரு பகல் கிடைத்தது. என்னோடு ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

2022-ல் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா விஷயம் ஞாபகம் இருக்கும். இனிமேல் அணியில் எடுக்க மாட்டார்கள், ஓய்வைப் பற்றி யோசிக்கலாம் என்று அப்போது இந்திய அணிக் கோச்சாக இருந்த ராகுல் திராவிட் தன்னிடம் சொன்னதை சாஹா வெளியே சொல்லிவிட்டார். திராவிட், தனக்கு வருத்தமில்லை என்றார். பத்திரிகை வழியாக அவருக்குத் தெரிய வருவதைத் தான் விரும்பவில்லை, உண்மையை நேராகக் கேட்கும் தகுதி அவருக்கு உண்டு என்றும் சொன்னார். சாஹாவுக்கு வந்த கோபமும் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறவர்தான் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மூணாறு, எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள்:

மேலிருந்து நல்ல மனசோடு சொல்கிறவர்களைப் பற்றி இரண்டு பேரும் எழுதியிருக்கிறீர்கள். சொல்ல ஆளே வராத இடமும் உண்டு. 2015 செப்டம்பரில் எங்கள் அம்மாமார்கள், சித்திமார்கள் எல்லாம் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பேர் வந்தது அப்போதுதான். 20 சதவீத போனஸ் 10 ஆகிவிட்டது என்பது காரணம். ஆனால் யூனியன் தலைவர்களையே பக்கத்தில் வராதே என்று விரட்டினார்களே, அதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. யூனியன்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வந்து சொல்வதுதான் வழக்கமாக இருந்தது. போடுவதற்கு முன்னால் கொழுந்து கிள்ளுகிறவளிடம் வந்து "இதுதான் தர்றாங்க, என்ன சொல்றீங்க" என்று கேட்க ஆள் இல்லை.

போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 500 கேட்டார்கள், அக்டோபரில் 301-க்கு முடிந்தது. பேச்சுவார்த்தைக்கு நாங்களே போய் உட்கார்ந்தோம் என்பதை என் அம்மா கூலிக் கணக்கைவிடப் பெரிதாகச் சொல்வார்.

வேலந்தாவளம், டென்னிஸ் பால் டீம் கேப்டன்:

சின்ன விஷயம் ஒன்று. 2022 ஏப்ரல் 10, லக்னோவுக்கு எதிரான ஆட்டத்தில் ராஜஸ்தானுக்கு ஆடிய அஸ்வின், அடுத்தவர் ஆட வரட்டும் என்று 28 ரன்னில் தானாகவே வெளியேறினார். ஐ.பி.எல்.லில் முதல் 'ரிட்டயர்டு அவுட்' அது. சீசனுக்கு முன்பே இதைப் பேசி வைத்திருந்தோம் என்று அப்போதைய கேப்டன் சஞ்சு சாம்சன் அப்புறம் சொன்னார். நாங்களும் இப்போது டோர்னமென்டுக்கு முந்தின ராத்திரியே யார் வெளியே உட்காருவது என்று பேசிவிடுகிறோம். சத்தம் வரும். மறுநாள் காலையில் பேட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

இன்னொன்று, அந்த அப்பாவிடம் கேட்க வேண்டும். என் தங்கச்சி மகன் வாலிபால் ஆடுகிறான், ப்ளஸ் டூ. கோச் நல்லவர், ஆனால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்கிறார். நாங்களாகப் போய்க் கேட்டால் தப்பாக எடுப்பாரா?

கொழிஞ்சாம்பாறை, ஓடுகிற பிள்ளையின் அப்பா:

கேளுங்க தம்பி, ஆனால் பையனையே கேட்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். "நான் நல்லா ஆடுறேனா" என்று கேட்டால் "நல்லா ஆடுறே" என்றுதான் பதில் வரும். "காலேஜ் செலக்‌ஷனுக்கு எந்த பொசிஷன்ல என்னை அனுப்புவீங்க, அதுக்கு என்கிட்ட என்ன குறையுது" என்று கேட்கச் சொல்லுங்கள். செலக்‌ஷன் தேதி வருவதற்கு முன்னாலேயே கேளுங்கள். ப்ராக்டிஸ் முடிந்து வலை கழற்றுகிற நேரம் நல்ல நேரம், அப்போது கோச்சும் அவசரத்தில் இருக்க மாட்டார்.