பென் டிரைவிலிருந்தே ஓடும் இலவச மென்பொருள் உங்களுக்குக் கைகொடுத்தது உண்டா?

செந்தூல்வாசி
அம்மா பத்துமலையில் கடைசியாகப் பால்குடம் எடுத்த படங்கள் கேமரா கார்டில் இருந்தன. கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று மட்டும் கேட்டது. புக்கிட் பிந்தாங்கில் ஒரு கடைக்காரர் 800 வெள்ளி ஆகும், படம் வருமா என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்து, தொலைந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு மீட்பு மென்பொருளோடு ஒரே ஜிப்பில் வருமே, அதுதான். இன்ஸ்டால் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஜேபெக் (படக் கோப்பு வகை) என்ற இடத்துக்கு நேரே எண் ஏற ஆரம்பித்தது. 3, 11, 40... அந்த எண் ஏறியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பழைய கோப்புப் பெயர் ஒன்றும் வரவில்லை, எல்லாம் நீளநீளமான எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனதில், மஞ்சள் சேலையில் அம்மா, படிக்கட்டின் அடியில். இதை எழுதி இலவசமாகத் தந்த கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரருக்கு எங்கள் வீடே கடன்பட்டிருக்கிறது.

ஜெலுத்தோங் டீச்சர்
எனக்கு விஸ்ட்ரீ, டிஸ்க்கில் எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டும் மென்பொருள். மடிக்கணினியில் சி டிரைவ் சிவப்பாகி, தேர்வுத்தாள் சேமிக்கக்கூட இடமில்லை. புதுசு வாங்குங்கள் என்று மகன் ஒற்றைக் காலில் நின்றான். விஸ்ட்ரீயைத் திறந்த சில நொடியில் டிஸ்க் முழுவதும் வண்ணக் கட்டங்களாக விரிந்தது. பாதித் திரையை ஒரே கட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்த ஐடியூன்ஸ் பேக்கப், எப்போதோ விற்றுவிட்ட ஐபோனுடையது! அழித்தேன், இன்றுவரை அதே மடிக்கணினிதான். சொந்த உபயோகத்துக்கு இலவசம், நிறுவனம் என்றால் உரிமம் வாங்க வேண்டும்.

பட்டர்வொர்த் டெக்னீஷியன்
செந்தூல் அண்ணே, கடைக்காரர் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கார்டே பழுதாகியிருந்தால் யாராலும் உத்தரவாதம் தர முடியாது. என் கதை சின்னது: மாமனார் கணினி மெதுவாக ஓடுகிறது என்றார், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவின் ஜிப் பதிப்பைத் திறந்தேன், நீலமாக இருக்க வேண்டிய இடம் எச்சரிக்கையாக மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் போட்டோரெக்கை ஓட்டக் கிளம்பிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கவே கூடாது. இன்னும் மீளாத படத்தின் மேலேயே எழுதிவிடும். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் எந்த மென்பொருளும் வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஓட ஓட உள்ளே இன்னும் கெடும். அங்கேதான் அந்த 800 வெள்ளிக்கு வேலை. எஸ்எஸ்டியில் அழித்தது பெரும்பாலும் திரும்பி வராது, டிரிம் என்ற துப்புரவு வசதி வந்து துடைத்துவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். முறையே, டிஸ்க் மாற்றி எழுதிய செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்), படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள், கைவிட்டவை. எண் வாரத்துக்கு வாரம் கூடினால் டிஸ்க்கை நம்பாதீர்கள். அப்புறம், தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி எதையும் இறக்காதீர்கள். எழுதியவரின் சொந்தத் தளத்துக்கே போங்கள். போலிப் பதிப்பில் வைரஸோடு வந்த கணினிகளை நிறையவே பார்த்துவிட்டேன்.

செந்தூல்வாசி
தம்பி, விலையை நான் குறை சொல்லவில்லை. இலவசமாக ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையிலேயே படங்கள் திரும்பி வந்திருந்தால் அத்தனை இரவு அக்கா தூங்காமல் அழுதிருக்க மாட்டாள். மற்றபடி நீங்கள் சொன்னது சரி, நானும் மடிக்கணினியில்தான் சேமித்தேன்.

பங்சார் புதியவள்
அண்ணா, என்னிடம் மேக்தான் இருக்கிறது. தங்கையின் நிச்சயதார்த்தப் படங்கள் கார்டிலிருந்து காணாமல் போய்விட்டன. போட்டோரெக் ஓடுமா?

பட்டர்வொர்த் டெக்னீஷியன்
ஓடும்மா. மேக்குக்குத் தனிப் பதிப்பே உண்டு. கார்டைக் கேமராவில் திரும்பப் போடாமல் அப்படியே எடுத்து வை. மீட்கும் படங்கள் கொள்ளும் அளவுக்கு மேக்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்.