மேலத்தெரு குடியிருப்போர் குழு, மதுரை: வாட்டர் டேங்க் விஷயம்

*மூர்த்தி (செயலாளர்), காலை 7:12*
[படம்]
டேங்க் படிக்கட்டுக்கு அடியில கிடந்தது. ஊசி, அதோட மூடி, சின்ன ஆம்பூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி), காலி மாத்திரை அட்டை. ஞாயித்துக்கிழமை போதை விழிப்புணர்வுப் பேரணி வச்சிருவமா? பேனருக்கு 4,000 ஆகும்ங்கிறாங்க.

*செல்வி சிஸ்டர், 7:19*
அண்ணே, மொதல்ல ஊசியை யாரும் கையால தொடாதீங்க. மூடியை மாட்டப் போகாதீங்க, அப்பத்தான் குத்தும். இடுக்கியால எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல முனை கீழ பாக்கிற மாதிரி போட்டு, டேப் ஒட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுங்க. குப்பைத் தொட்டியில போட்டா தூய்மைப் பணியாளர் கையிலதான் ஏறும்.
குத்திருச்சுன்னா ரத்தத்தைப் பிதுக்கக் கூடாது. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா பெரியாஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனமில்ல.

*ரஹீம் பாய் மெடிக்கல், 7:31*
அட்டையைப் பெருசாக்கிப் பாத்தேன். டேப்பென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதுற மாத்திரை. இதைப் பொடிச்சுத் தண்ணியில கலக்கி நரம்புல ஏத்துறாய்ங்க. மாத்திரையில மருந்து மட்டுமா இருக்கு? கட்டியா நிக்கிறதுக்குச் சேக்குற டால்க், மாவு எதுவும் கரையாது. நரம்பை அடைக்கும், கை சீழ் பிடிக்கும், நுரையீரல் வரைக்கும் போகும். ஒரே ஊசியை நாலு பேர் மாத்திக்கிட்டா ஈரலைக் கெடுக்கிற ஹெபடைட்டிஸ் சி-யும் சேந்து வரும்.

*மூர்த்தி (செயலாளர்), 7:34*
சீட்டு இல்லாம எப்படி பாய் கிடைக்குது?

*ரஹீம் பாய் மெடிக்கல், 7:46*
சீட்டு இருக்கும்ணே, அதுதான் வில்லங்கம். ஒரு சீட்டைப் போன்ல படம் புடிச்சு அஞ்சு கடையில காட்டுறது. அதனால ஒரிஜினல் சீட்டு இல்லாம தரக் கூடாது. தேதி, டாக்டர் பதிவு எண், எத்தனை மாத்திரைன்னு மூணும் பாக்கணும். குடுத்ததும் கடை சீலைக் குத்தி, குடுத்த எண்ணிக்கையை அந்தச் சீட்டுலயே எழுதணும். சீல் விழுந்த சீட்டு அடுத்த கடையில செல்லாது.
தூக்கத்துக்கு, பதட்டத்துக்குக் குடுக்கிற நைட்ரசெபாம், அல்பிரசோலம், வலிக்கான டிரமடால் மாதிரி எச்1 பட்டியல் (சட்டத்துல தனிக் கட்டுப்பாடு உள்ள) மருந்துன்னா டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல ஏத்தி 3 வருஷம் வச்சிருக்கணும். நம்ம தெருவைச் சுத்தியிருக்கிற கடைக்காரங்ககிட்ட நான் பேசுறேன். அதையும் மீறி ஒரு கடை குடுத்தா மருந்து ஆய்வாளருக்கு மனு. மாத்திரை கூரியர்ல வருதுன்னு தெரிஞ்சா போதைப்பொருள் புகார் நம்பர் 10581, இல்ல 1933.

*கணேசன் சார் பி.இ.டி., 8:02*
பேரணி வேண்டாம் சார். எந்த மாத்திரை, எப்படி ஏத்துறதுன்னு மைக்ல சொன்னா தெரியாத பையனுக்கும் சொல்லிக் குடுத்த மாதிரி. செத்த நுரையீரல் படத்தைப் பாத்து 14 வயசுப் பையன் பயப்படுறதும் இல்ல.
ஐஸ்லாந்துல 1998-ல 15, 16 வயசுப் பிள்ளைகள்ல 42% பேர் கடந்த ஒரு மாசத்துல போதையாகுற அளவு குடிச்சதாச் சொன்னாங்க. 2016-ல அது 5%. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் விளையாட்டு, பாட்டுன்னு ஏற்பாடு பண்ணாங்க, அதுக்கு அரசே பணம் குடுத்துச்சு. பெத்தவங்க ராத்திரி தெருவுல சேந்து ரோந்து நடந்தாங்க. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துல பேர் கேக்காம சர்வே எடுத்தாங்க.
நம்மகிட்ட இருக்கிறது ஒரு கிரவுண்டு, லைட் இல்லாம. 100 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட் ரெண்டு, ஒரு வாலிபால் நெட். பேனர் காசு கிட்டத்தட்டப் போதும். ஆனா பந்தை மட்டும் வாங்கிப் போட்டா பெரிய பசங்க புடிச்சுக்குவாங்க. 5 மணியிலருந்து 6:30 வரைக்கும் 13–16 வயசுக்கு மட்டும். தினம் பெரியவங்க ஒருத்தர் கூட நிக்கணும். ஆள் நிக்காத கிரவுண்டு இன்னொரு டேங்க் படிக்கட்டாயிரும்.

*வள்ளி அக்கா, 8:10*
ஆரம்பமே அந்த ஸ்கூல் பக்கத்துப் பெட்டிக்கடைதான். கூல் லிப்ங்கிற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் பசங்க கிளாஸ்ல உக்காந்திருக்காய்ங்க, புதினா வாசனைதான் வரும், டீச்சருக்குத் தெரியாது. கடைக்காரர் 200 ரூவா ஃபைனுக்கெல்லாம் அசைய மாட்டாரு.

*கணேசன் சார் பி.இ.டி., 8:15*
200 புகையிலைச் சட்டத்துல. பள்ளியிலருந்து 100 கஜத்துக்குள்ள விக்கிறதுக்கு. சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவைச் சொல்லுங்கம்மா. 18 வயசுக்குக் கீழ மது, போதைப்பொருள், புகையிலை எதைக் குடுத்தாலும் 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். டாஸ்மாக்ல 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கக் கூடாது. பசங்க தாங்களே போறதில்ல, வாசல்ல நிக்கிற ஆளுக்குக் காசு குடுத்து வாங்குறாங்க. அந்த ஆளுக்கும் 77 பொருந்தும்.

*பாண்டி கேபிள், 8:21*
டேங்க்ல எவன் ஏறுறான்னு புடிச்சு நாலு சாத்தி, போட்டோவைக் குரூப்ல போட்டா சரியாயிருவாய்ங்க

*செல்வி சிஸ்டர், 8:33*
வேண்டாம் தம்பி. பஞ்சர் சொல்யூஷன், தின்னர் மாதிரி மோந்துக்கிட்டு இருக்கிற பையனைத் துரத்தினாலோ அதட்டினாலோ அந்த இடத்துலயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். மெதுவாப் பேசி, பாட்டிலை வாங்கி வச்சு, காத்தோட்டமா உக்கார வைக்கணும். சின்னப் பிள்ளை போட்டோவைப் பரப்புனா வழக்கு உன் மேலதான் வரும்.
எழுப்புனா எழுந்திரிக்காம, குறட்டை மாதிரி இழுத்து, நிமிஷத்துக்கு 10-க்குக் கீழ மூச்சு விட்டா 108. ஒருக்களிச்சுப் படுக்க வை. மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில ஊத்தாதே, மூச்சுக்குழாய்க்குப் போயிரும். அவனை விட்டு நகராதே.
அப்புறம் வீட்டுல பூட்டி வச்சு நிப்பாட்டுற வேலை. தினம் குடிக்கிறவனும் தூக்க மாத்திரை போடுறவனும் திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம். டாக்டர் பார்த்துதான் குறைக்கணும்.

*மூர்த்தி (செயலாளர்), 8:40*
ஆன்லைன்ல யூரின் டெஸ்ட் கிட் விக்கிறாங்களே சிஸ்டர்?

*செல்வி சிஸ்டர், 8:52*
சாதாரண கிட் டேப்பென்டடாலைக் காட்டாது. மார்ஃபின், கஞ்சா மாதிரி சிலதைத்தான் அது காட்டும். நெகட்டிவ்னு நம்பி விட்டுறாதீங்க. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. 2025-ல கலங்கரைன்னு 25 இடத்துல அரசு மறுவாழ்வு மையமும் திறந்திருக்காங்க. போன்ல கேக்கணும்னா 14446.
தனியார் மையம்னா மனநலச் சட்டப்படி பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாக்கணும். 18-க்குக் கீழன்னா பெரியவங்க வார்டுல போடக் கூடாது, வீட்டு ஆள் கூட தங்க விடணும். பாக்கவே விட மாட்டோம்னு சொல்ற இடத்துல சேக்காதீங்க.

*மூர்த்தி (செயலாளர்), 9:05*
சரி, பேனர் ரத்து. லைட்டுக்கு மின்வாரியத்துல நான் கேக்குறேன். கிரவுண்டுல நிக்க ஏழு நாளுக்கு ஏழு பேர் வேணும், பேர் குடுங்க.

*பாண்டி கேபிள், 9:07*
செவ்வாய் நான் நிக்கிறேன்ணே. லைட் ஒயர் இழுக்கவும் நம்ம பசங்க இருக்காய்ங்க

*வள்ளி அக்கா, 9:11*
வியாழன் நான். பெட்டிக்கடைக்கு இன்னைக்கு 3 மணிக்கே போயிருவோம், ஸ்கூல் விடுறதுக்கு முன்னாடி. கணேசன் சார், அந்த 77-ஐ ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் குடுங்க, கையில வச்சுக்கிறேன்.