தங்கைக்குப் படிக்க ஏதாவது சொல்லுங்கள்

தங்கைக்கு 17 வயது. போன வருடக் கடைசியிலிருந்து தன் மூக்கு கோணல் என்றே நம்புகிறாள், எங்கள் யார் கண்ணுக்கும் அப்படித் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செல்ஃபி எடுப்பாள், பெரிதாக்கிப் பார்ப்பாள், அழிப்பாள், மறுபடி எடுப்பாள். பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் (தோற்றத்தில் பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையையே நினைத்து வாடும் மனநோய்), ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி வகையைச் சேர்ந்தது என்றார் மருத்துவர். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை நடக்கிறது. அழகுக்குறிப்புப் பக்கங்களை எல்லாம் அன்ஃபாலோ செய்தாயிற்று, ராத்திரி போன் என் அறையில். கேமரா முகத்துக்குக் கிட்டே இருந்தால் மூக்கு பெரிதாகத்தான் விழும் என்று தள்ளி வைத்து எடுத்தும் காட்டினேன், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தெளிந்தாள். இப்போது போனை வைத்த கையோடு கண்ணாடி முன் போய் நிற்கிறாள். அந்த நேரத்தில் படிக்கட்டும் என்று தேடினால் எல்லாம் 'உன்னை நீயே நேசி' ரகம், அவளுக்கு எரிச்சல்தான் வருகிறது.

இதிலிருந்து மீண்டவர்கள் எழுதியது, தமிழில், எளிமையாக எது இருக்கிறது?