முகத்து மறுவை "சண்டையில் எரிந்தது" என்று சொல்லச் சொல்கிறார்கள்

கேள்வி | கரைச்சிப் பிள்ளை

வணக்கம். எனக்கு 27 வயது. கிளிநொச்சிப் பக்கம் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி கன்னம் முழுக்க, மேலுதட்டின் பாதி வரைக்கும் நாவல்பழ நிறத்தில் ஒரு மறு. பிறக்கும்போதே இருந்தது. வெயிலில் நின்றாலும் அழுதாலும் இன்னும் கறுக்கும். நோகாது, கடிக்காது.

வன்னியில் முகத்தில் ஏதாவது இருந்தால் முதலில் கேட்பது "ஷெல் காயமோ பிள்ளை?" என்றுதான். கேட்கிற குரலில் அன்பு இருக்கும். பஸ்ஸில் எழும்பி இடம் தருவார்கள். "இல்லை, பிறவியிலேயே" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். 2009இல் சண்டையில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில், காயத்துக்கு மருந்து கட்டுகிற வரிசையில் யாரோ என்னைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னுக்கு விட்டார்கள். அம்மா ஓடிவந்து, "இது பிறக்கேக்கையே இருந்தது, காயக்காரரை விடுங்கோ" என்றா. அதுவரை என் தலையைத் தடவிக்கொண்டு நின்ற ஆச்சி ஒருவர் கையை எடுத்துவிட்டு அம்மாவைக் கேட்டா: "கிரகணத்துக்கு வெளியில வந்தனியோ?" அப்பா இல்லாமல் போன துக்கம் ஆறாத நேரம் அது. அப்போதும் அம்மாவுக்கு அந்தக் கேள்விதான்.

இப்போது முள்ளியவளைப் பக்கமிருந்து கலியாணப் பேச்சுக்கால் ஒன்று வந்திருக்கிறது. சாதகம் பொருந்திவிட்டது. பெரியம்மா ஸ்டூடியோவில் சொல்லி மறுவை அழித்த படத்தைத்தான் தரகரிடம் கொடுத்திருக்கிறா. எனக்குப் பிறகுதான் தெரியும். படத்தில் என் உதட்டையும் நேராக்கி விட்டிருக்கிறார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வரும்போது கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாம். கேட்டால் "சண்டையில் எரிஞ்சது" என்று சொல்லட்டாம். எரிகாயம் என்றால் பிள்ளைக்கு வராது, பிறவி என்றால் பரம்பரைக்கு வரும் என்று பயப்படுவார்கள் என்பது அவவின் கணக்கு. பெரியம்மா கெட்டவ இல்லை. என்னை வளர்த்ததில் பாதி அவதான்.

இது பிள்ளைகளுக்கு வருமா? மற்றது, முகத்தில் இப்படி ஏதாவது இருப்பவர்கள் பேச்சுக்காலில் எப்போது, எப்படிச் சொன்னீர்கள்? மேக்கப் போட்டு மறைக்கச் சொல்லி மட்டும் எழுத வேண்டாம். என் முன்பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து "மிஸ், இது என்ன?" என்பார்கள். "மிஸ்ஸின்ட நிறம்" என்பேன். சரி என்று விளையாடப் போய்விடுவார்கள். பெரியவர்களிடம்தான் எனக்குப் பதில் வருவதில்லை.

பதில் | வவுனியா தாதி

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போர்ட் வைன் ஸ்டெயின் என்கிற வகை போலிருக்கிறது. தோல் டொக்டர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லலாம். தோலுக்குள் இருக்கிற மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்தபடியே இருப்பதால் அந்த நிறம். ஆயிரம் குழந்தைகளில் மூன்று பேரளவில் இதோடு பிறக்கிறார்கள். பிள்ளை கருவில் உருவாகத் தொடங்கிய பிறகு ஒரு கலத்தில் ஒரு மரபணு மாறுவதால் இது வருகிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த மாற்றம் இல்லை. அதனால் பொதுவாக உங்கள் பிள்ளைக்கும் போகாது. அம்மா எந்தக் கிரகணத்தில் எங்கே நின்றிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. தயவுசெய்து இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கோ.

மறு கண்ணிமையைத் தொட்டிருந்தால் கண் அழுத்தம் கட்டாயம் பார்க்க வேண்டும். குளுக்கோமா (கண் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் நோய்) வரலாம், தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. உதட்டிலும் இருப்பதால், பல் பிடுங்கமுன் பல் டொக்டரிடம் சொல்லுங்கோ. அந்தப் பக்க முரசில் (ஈறில்) இரத்தம் கூடப் போகலாம். லேசர் சிகிச்சை நிறத்தைக் குறைக்கும், முழுதாக எடுப்பது அரிது, சின்ன வயதில் செய்தால் பலன் கூட. செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், மாப்பிள்ளை வீட்டாருடையது இல்லை. சோவியத் தலைவர் கோர்பச்சேவின் தலையில் இருந்ததும் இதே வகைதான். தொடக்கத்தில் அரசாங்கப் படங்களில் அதையும் அழித்துத்தான் வெளியிட்டார்கள். ஆனால் அவர் மறைக்காமல்தான் உலகம் முழுக்கப் போய்வந்தார்.

பதில் | விசுவமடு

பிள்ளை, எனக்கு 2009 மாசியில் தாடையில் காயம். வலது பக்க எலும்பில் பாதி இல்லை. சாப்பிடும்போது வாய் ஒழுகும், தோளில் எந்த நேரமும் ஒரு துவாய் கிடக்கும்.

ஷெல் என்றால் மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குள் சரி. வன்னியை விட்டு ஓமந்தை தாண்டினால் முதல் கேள்வி "இயக்கமோ?" என்பதுதான், புலிகளில் இருந்தனியோ என்று. எனக்குப் பெண் கேட்டுப்போன இடத்திலும் அதுதான் நடந்தது. புனர்வாழ்வு எடுத்தவரோ, இன்னும் ஆட்கள் விசாரித்து வருவார்களோ என்று.

அதைவிட ஒன்று. முள்ளியவளைச் சனமும் அதே பாதையால்தான் போனது. எரிகாயம் என்று சொன்னால், எந்த இடம், எந்த மாதம், பக்கத்தில் ஆர் ஆர் இருந்தது என்று கேட்பார்கள். உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை. காணாமல் போன தங்கட பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் கிடைக்காதா என்று கேட்பார்கள். தேவிபுரத்தில் காயப்பட்ட யாரைக் கண்டாலும் என் அம்மா இன்றைக்கும் கைப்பைக்குள்ளிருந்து தம்பியின் படத்தை எடுத்து நீட்டுவா. அப்படி ஒரு தாய் படத்தை நீட்டினால் என்ன சொல்வீர்கள்? அந்தப் பொய் மட்டும் வேண்டாம்.

பதில் | ஒட்டுசுட்டான் அம்மா

என் மகன் உதட்டுப் பிளவோடு பிறந்தவன். 2019 மார்கழி 26 கிரகணத்தன்று எனக்கு ஐந்து மாதம். மாமி சொன்னபடி கதவடைத்து, தண்ணிகூடக் குடிக்காமல் அறைக்குள் இருந்தேன். பிள்ளை பிறந்ததும், எப்படியோ வெளியே வந்திருக்கிறாள் என்று அதே மாமி சொன்னா. பிள்ளையின் மேலுதடு சேர்ந்து முடிவது இரண்டாம் மாதத்துக்குள்ளாம், ஒப்பரேஷன் செய்த டொக்டர் சொன்னார். ஐந்தாம் மாதத்துக் கிரகணம் என்ன செய்யும்? அதைக் கேட்டுத்தான் நான் முதன்முதலாக நிம்மதியாக அழுதேன். இப்போது முன்பள்ளிக்குப் போகிறான், பாட்டுப் பாடுகிறான். உங்களைப்போல ஒரு மிஸ் அவனுக்குக் கிடைக்க வேணும் என்று ஆசையாக இருக்கிறது.

தங்கச்சி, கோயிலில் கண்டபிறகு சொல்ல வேண்டாம். சனத்துக்கு நடுவில் அவர்கள் முகம் சுருங்கினால் நீங்கள்தான் தாங்க வேண்டும். முன்னமே தெரியப்படுத்துங்கோ. வராதவர்கள் வராமலே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. விசுவமடு அண்ணா, நீங்கள் எழுதியதைப் பெரியம்மாவுக்கு அப்படியே வாசித்தேன். சத்தம்போடாமல் எழும்பிப் போய்விட்டா, இன்னும் கதைக்கவில்லை. தரகருக்கு நானே போன் எடுத்து, முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுத்த படத்தை அனுப்பினேன். வெயிலுக்குள் நின்றதால் மறு நல்ல தெளிவாகத் தெரிகிறது. பிறவியில் வந்தது, பரம்பரை இல்லை என்று குரல் பதிவும் போட்டேன். அவர் கேட்டுவிட்டார், நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. அம்மாவிடம் கிரகணக் கதையைச் சொன்னபோது, ஒட்டுசுட்டான் அக்காவின் மாமி என்ன சொன்னா என்று இரண்டு தரம் கேட்டா.

தாதி அக்கா, மறு கீழிமையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கண் கிளினிக்குக்கு நேரே போகலாமா, இல்லாவிட்டால் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டித் துண்டு எடுக்க வேணுமா?