மறுமொழி: அடுத்தவர் தண்டவாளத்தில் ரயில் விடுவதற்கு என்ன சொல்?

> 'தட உரிமை' போதும். எளிது, இரண்டே சொல்.

ஐயா, எளிதுதான், ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. உரிமை என்றால் தமிழில் சொந்தம் என்றும் பொருள். உரிமையாளர் என்று வீட்டுக்காரரைத்தானே சொல்கிறோம்? நாம் தமிழாக்கப் பார்க்கும் ஆங்கிலச் சொல்லான 'டிராக்கேஜ் ரைட்ஸ்' என்பதோ சொந்தமில்லாதவருக்குக் கிடைப்பது. தண்டவாளம் ஒரு நிறுவனத்துடையது. இன்னொரு நிறுவனம் தன் எஞ்சின், தன் ஓட்டுநர்களோடு வந்து, கட்டணம் கொடுத்து அதன்மேல் ரயில் விடுகிறது. சேர்த்து எழுதினால் இன்னும் மோசம்: 'தடவுரிமை' என்றால் எதைத் தடவ என்று கேட்பார்கள். நேற்று ஒருவர் 'ஓட்டுரிமை' என்று எழுதியிருந்தார். அது தேர்தல் ஆணையத்தின் சொத்து.

இந்தச் சொல் எதையெல்லாம் சுமக்க வேண்டும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் டெஹாச்சபி மலைப்பாதையைப் பாருங்கள். 1876-இல் சதர்ன் பசிபிக் என்ற ரயில் நிறுவனம் போட்டது. அங்குள்ள வளையத்தில் நீண்ட சரக்கு ரயில் சுற்றி ஏறும்போது, எஞ்சின் தன் கடைசிப் பெட்டிகளின் தலைக்கு மேலேயே கடந்து போகும். போட்டியாளரான சான்டா ஃபே அந்த மலையில் தனிப்பாதை போடவில்லை. 1899-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இதிலேயே ரயில் விட்டது. இன்று பாதை சதர்ன் பசிபிக்கைப் பின்னர் வாங்கிய யூனியன் பசிபிக்குடையது, வந்துபோவது சான்டா ஃபேயின் வாரிசு நிறுவனமான பி.என்.எஸ்.எஃப். தெற்கே கஹோன் கணவாயில் நேர்மாறு: பி.என்.எஸ்.எஃப். பாதையில் யூனியன் பசிபிக் ஓடுகிறது. ஒரு மலையில் இவர் வீட்டுக்காரர், அடுத்த மலையில் அவர். சொந்தப் பாதைகளை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தின் வழித்தட பலத்தை எடைபோட்டால் தவறிவிடுவோம்.

1996-இல் சதர்ன் பசிபிக்கை யூனியன் பசிபிக் வாங்கியபோது, இரண்டு ரயில் நிறுவனங்கள் போட்டியிட்ட பல ஊர்களில் ஒன்றே மிஞ்சும் நிலை. ஒழுங்குமுறை வாரியம் இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் சுமார் 4,000 மைல் தண்டவாளத்தில் பி.என்.எஸ்.எஃப். ஓட வழிவிட வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் இருந்தது. புதிதாக ஒரு தண்டவாளம்கூடப் போடாமல் போட்டியைக் காக்கும் முயற்சி. நம் நாட்டில் தண்டவாளம் ஏறக்குறைய முழுவதும் அரசுடையது, அதனால்தான் இதற்கு நம்மிடம் சொல் இல்லை.

ரயிலுக்குத்தான் இல்லை, காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, இருக்கிறது. எங்கள் கோவைப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று எழுதுவார்கள். நிலம் பக்கத்துக்காரருடையது, நம் வண்டி அதில் போய்வரலாம், மரத்துப் புளியை உலுக்கக் கூடாது. ரயிலிலும் அதே கதைதான்: சில ஒப்பந்தங்களில் கடந்து போக மட்டுமே அனுமதி, வழியிலுள்ள ஆலைகளின் சரக்கை ஏற்ற முடியாது. ஆகவே என் பரிந்துரை 'தடப்பாத்தியம்'. இடையில் ஏற்றி இறக்கவும் அனுமதி உண்டென்றால் 'முழுத் தடப்பாத்தியம்', இல்லையென்றால் 'கடவுப் பாத்தியம்'.

> பாத்தியம் வடசொல் அல்லவா?

ஆம். பத்திர எழுத்தர்கள் அதை நன்றாகவே பழக்கிவைத்திருக்கிறார்கள். தூய சொல் வேண்டுவோர் 'கடப்புரிமை' என்று எழுதலாம், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதில் தடம் காணாமல் போகிறது.

'ஹாலேஜ் ரைட்ஸ்' இன்னும் பாக்கி. அதில் பெட்டிகள் மட்டும் விருந்தாளியுடையவை. எஞ்சினும் ஆட்களும் தண்டவாளக்காரருடையவர்கள். 'இழுவை ஒப்பந்தம்' என்றால் பழுதான லாரியைக் கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் உண்டா?